நடுக்குவாதமும் நம் ஊர்ப் பணமும்

எங்கள் வாசகர் வட்டத்தின் மூத்தவர் ஒருவர், முப்பது ஆண்டுகளுக்கு மேல் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், சொல்லவில்லை. படித்து முடிக்கும் ஒவ்வொரு நூலைப் பற்றியும் எங்களில் யாராவது ஒருவருக்கு அஞ்சலட்டை எழுதுவது அவர் வழக்கம். எல்லாரும் குறுஞ்செய்திக்கு மாறிய பிறகும் அவர் மாறவில்லை. துணிமேல் சாக்பீஸால் கோடு இழுத்ததுபோல நேராகவும் பெரிதாகவும் இருக்கும் எழுத்து. ஒரு கட்டத்தில் அது சிறுக்கத் தொடங்கியது. வரியின் தொடக்கத்தில் ஓரளவு தெளிவாக இருக்கும். முடிவை நெருங்க நெருங்கக் கடுகாகிவிடும். அட்டையில் இடத்தை மிச்சம் பிடிக்கிறார் என்று நாங்கள் கேலி செய்தோம். அவரும் சிரித்தார்.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. வளர்மதி பாலத்தின்மேல் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது நொய்யலின் நாற்றம் தாளாமல் நாங்கள் துண்டை மூக்கில் வைப்போம்; அவர் வைக்கமாட்டார். சாயப்பட்டறைப் பக்கம் வாழ்ந்து பழகிய மூக்கு என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம்.

கோவையில் நரம்பியல் மருத்துவர் ஒருவர் அவரை ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொட்டுத் தொட்டு விலகுமாறு செய்யச் சொன்னார். பிறகு, பழைய கையெழுத்து ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எங்களிடம் கட்டுக்கட்டாக இருந்தது. அட்டைகளைத் தேதி வாரியாக மேசைமேல் பரப்பி வைத்தபோது, நோய் தன் வரலாற்றைத் தானே எழுதிவைத்திருப்பதைப் பார்த்தோம். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய அட்டைகளிலேயே எழுத்து சுருங்க ஆரம்பித்திருந்தது. பார்க்கின்சன் நோய். தமிழில் நடுக்குவாதம் என்கிறோம். ஆனால் அவருக்குக் கை பெரிதாக நடுங்கவேயில்லை. உடம்பு மெதுவாகிக்கொண்டே போனது, அவ்வளவுதான். பெயரில் நடுக்கம் இருப்பதாலேயே, நடுங்காதவர்களின் நோய் கண்டுபிடிக்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. மோப்பம் போவதும், எழுத்து சிறுப்பதும், உறக்கத்தில் கத்துவதும், மலச்சிக்கலும் நடுக்கத்துக்கு முன்பே வந்துவிடக்கூடியவை என்பதை அதன் பிறகே படித்துத் தெரிந்துகொண்டோம்.

மாத்திரை வேலை செய்தது. பழைய எழுத்துக்கூட ஓரளவு திரும்பி வந்தது. ஆனால் இந்த மாத்திரையின் சங்கதி தெரிந்தவர்களுக்கு அடுத்த கட்டமும் தெரிந்திருக்கும். சில ஆண்டுகள் போனதும் ஒரு மாத்திரைக்கும் அடுத்த மாத்திரைக்கும் இடையே உடம்பு நின்றுவிட ஆரம்பிக்கிறது. அவர் இப்போது கம்பெனி ஷிப்டுக் கணக்கில்தான் மாத்திரை போடுகிறார்: காலை எட்டரைக்கு ஒன்று, பதினொரு மணி டீக்கு ஒன்று என்று. அறுவைச் சிகிச்சை செய்து மூளைக்குள் மின்முனை வைக்கலாம் என்றார்கள். செலவு பல லட்சம். நாங்கள் ஒரு நோட்டுப் போட்டு நண்பர்களிடம் வசூலிக்கலாம் என்று முடிவுசெய்து அவர் வீட்டுக்குப் போனோம். அவர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"தம்பி, எனக்குச் சேக்குற காசுல எங்கை ரண்டும் கொஞ்ச நாளைக்கு ஓடும். அப்பறம்? இந்த நோவு எதுனால வருதுன்னு யாராச்சும் தேடிட்டு இருப்பாங்கள்ல, அவிங்களுக்குக் குடுக்க உங்ககிட்ட நோட்டு இருக்குதா?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியால் எழுதப்படுவது. (அறுவைச் சிகிச்சையைப் பற்றி அவர் சொன்னதை நாங்கள் ஏற்கவில்லை. அந்த வாதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அது வேறு.)

திருப்பூர் கொடுக்கத் தெரியாத ஊர் அல்ல. கொங்குநாட்டுக் கல்யாணங்களில் மொய் நோட்டு எழுதுபவரின் விரல் ஓயாது. கோயில் குடமுழுக்கு என்றால் ஒரே மாலையில் தொகை சேர்ந்துவிடும். 2015இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' இயக்கத்தில் லட்சக்கணக்கான மரக்கன்றுகள் நடப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றிய பணம் இந்த ஊருடையது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கென ஒரு மையம் எழுப்ப, 'நமக்கு நாமே' திட்டத்தின் வழியே ரோட்டரி அமைப்பினரும் தொழில்முனைவோரும் பொதுமக்களும் கோடிக்கணக்கில் திரட்டினார்கள். இவை எதையும் குறைத்துச் சொல்ல நமக்கு வாயில்லை.

ஆனால் இவை அனைத்துக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு: கொடுத்தவன் போய்ப் பார்க்கலாம். கோபுரத்தைப் பார்க்கலாம், மரத்தைத் தொடலாம், கட்டடத்தின் முகப்பில் தன் பெயரைத் தேடலாம். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் வராத அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதிவைத்த மரபு நம்முடையது. ஆராய்ச்சியில் அப்படி எழுதிவைக்க ஒரு குழாய் விளக்குகூட இல்லை. பத்தாண்டுகள் பணம் கொடுத்தால், பத்தாம் ஆண்டின் முடிவில் "இந்த வழி சரியில்லை என்று உறுதிப்படுத்தியிருக்கிறோம்" என்று ஓர் அறிக்கை வரலாம். அதற்கு எந்த அமைச்சரும் ரிப்பன் வெட்ட வரமாட்டார்.

இதைப் புரிந்துகொள்ள இயலாத ஊர் என்று வேறு எதைச் சொன்னாலும் திருப்பூரைச் சொல்லக்கூடாது. ஏனெனில் இங்கே ஒவ்வொரு ஏற்றுமதிக் கம்பெனியிலும் சாம்பிள் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தனி மாஸ்டர், தனி டெய்லர்கள், தனித் துணி. அவர்கள் தைப்பதில் பெரும்பகுதி ஆர்டராக மாறுவதில்லை. வாங்குபவர் காலரை மாற்றச் சொல்வார், சாயத்தை மாற்றச் சொல்வார், கடைசியில் வேண்டாம் என்பார். அதற்காக எந்த முதலாளியும் சாம்பிள் பிரிவை மூடிவிடுவதில்லை. வீணான சாம்பிள்களின் செலவும் சேர்ந்துதான் தேறிய ஆர்டரின் விலை என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கைத்தான் ஆய்வகத்துக்கும் போடவேண்டும் என்கிறோம்.

இனி, நம் மண்ணோடு சம்பந்தப்பட்ட ஒரு பழைய செய்தி. 1817இல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் ஆறு நோயாளிகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அந்த ஆறு பேரில் சிலர் அவருடைய நோயாளிகள்கூட அல்லர். தெருவில் நடந்துபோகையில் அவர் கவனித்தவர்கள். காரணம் என்ன, மருந்து என்ன என்பதெல்லாம் அதன் பிறகு நூறாண்டுகளுக்கு மேல் இருட்டில் கிடந்தன.

நம் வேலிகளில் பூனைக்காலி என்று ஒரு கொடி படரும். அதன் காயின் மேலுள்ள சுணை உடம்பில் பட்டால் அரிப்பு உயிரை வாங்கும். பள்ளி நாள்களில் அதை எதிரியின் சட்டைக்குள் போட்ட புண்ணியவான்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பார்கள். சித்த மருத்துவத்தில் அதன் விதைக்கு இடமுண்டு. 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும் அந்த விதையிலிருந்து எல்-டோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்து, 'பயோகெமிக்கல் ஜர்னல்' ஏட்டில் வெளியிட்டார்கள். (அந்தப் பொருள் அதற்கு முன்பே, 1913இல், குகன்ஹைம் என்பவரால் சுவிட்சர்லாந்தில் ஒருவகை அவரையிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. மனிதர் அதைத் தானே விழுங்கிப் பார்த்து வாந்தியெடுத்ததோடு, பயனற்றது என்ற முடிவுக்கு வந்தார்.) எங்கள் நண்பர் காலை எட்டரைக்குப் போடும் மாத்திரையில் இருப்பது இதே எல்-டோபாதான்.

1937இல் அது எதற்கு உதவும் என்று உலகில் யாருக்கும் தெரியாது. தெரிய வந்த கதையில் இன்னொரு இந்தியச் செடியும் வருகிறது. சர்ப்பகந்தாவிலிருந்து எடுத்த ரெசர்ப்பின் என்ற மருந்தைக் கொடுத்தால் முயல்கள் காது தொங்கி அசைவற்றுப் போய்விடும். 1957இல் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் அந்த முயல்களுக்கு எல்-டோபாவைச் செலுத்தினார். அவை எழுந்து நடமாடின. மூளையில் டோபமின் என்ற பொருளுக்குத் தனி வேலை உண்டு என்பது அங்கிருந்து தெளிவாயிற்று. 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1960இல் வியன்னாவில் ஹார்னிகிவிட்ச், இறந்த நோயாளிகளின் மூளையில் டோபமின் வற்றிப்போயிருப்பதைக் காட்டினார். அடுத்த ஆண்டே அங்கே நோயாளிகளுக்கு ஊசிவழி எல்-டோபா கொடுக்கப்பட்டது. 1967இல் நியூயார்க்கில் ஜார்ஜ் கோட்சியஸ், சிறிது சிறிதாக அளவைக் கூட்டி வாய்வழியே கொடுத்து, நிலைத்த பலனைக் காட்டினார்.

சென்னைக்கும் நியூயார்க்குக்கும் இடையே முப்பது ஆண்டுகள். தாமோதரனும் ராமசாமியும் எதையோ தவறவிட்டார்கள் என்று நாம் சொல்லவரவில்லை. அவர்கள் செய்யவேண்டியதைச் செய்தார்கள். ஆனால் ஒரு பொருளைக் கண்டெடுப்பதற்கும் அது மருந்தாக ஒரு கட்டிங் மாஸ்டரின் கைக்கு வந்துசேர்வதற்கும் இடையே உள்ள தூரத்தைக் கடப்பது முயல்களும், ஆய்வகங்களும், சம்பளம் வாங்கும் ஆய்வாளர்களும், பொறுமையுள்ள பணமும்தான். அந்தத் தூரத்தை அன்று கடந்தது நம் பணமல்ல. விதை மட்டும் நம்முடையது. 'நம் முன்னோர்களுக்கு அன்றே தெரியும்' என்று மார்தட்டுகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம். கம்பவாதத்தைப் பற்றி ஆயுர்வேத நூல்கள் பேசுகின்றன, பூனைக்காலியும் அந்த மருத்துவ மரபில் உண்டு, உண்மை. ஆனால் அந்த விதைத்தூளை முறையான சோதனைக்கு உட்படுத்தி 2004இல் லண்டனில் வெளியிட்ட ஆய்வில் இருந்தவர்கள் எட்டே எட்டு நோயாளிகள். 2017இல் வெளியான இன்னொன்று, மாத்திரை வாங்க வசதியில்லாத ஏழை நாட்டு நோயாளிகளுக்கு இது உதவுமா என்று பார்த்தது. அது நடந்தது பொலிவியாவில். யாரும் காப்புரிமை கொண்டாட இயலாத விதைக்குக் கம்பெனிகள் ஏன் பணம் போடவேண்டும்? அப்படிப்பட்ட கேள்விகளுக்குத்தான் ஊர்ப் பணம் வேண்டியிருக்கிறது. (யாரும் இதைப் படித்துவிட்டு நாட்டுமருந்துக் கடைக்குப் போய் விதை வாங்கிப் பொடிசெய்ய வேண்டாம். விதைக்கு விதை அளவு மாறும். ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர்களுக்கு அது ஆபத்து.)

தமிழ்நாட்டின் பங்கு இத்தோடு முடிந்துவிடவும் இல்லை. 1960களில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், டி.எஸ். கனகா ஆகியோர் மூளையின் ஆழத்திலுள்ள இடங்களைத் துல்லியமாகக் குறிவைக்கும் அறுவைமுறையில் பெயர்பெற்றவர்கள். 1975இல் மூளைக்குள் நீடித்து இருக்கும் மின்முனையைப் பொருத்தியவர் என்று கனகா அறியப்படுகிறார். பிரான்சின் கிரெனோபிளில் பெனாபிட் இன்றைய ஆழ்மூளைத் தூண்டலுக்கு வழிதிறந்தது 1987இல். ஓய்வுக்குப் பிறகு கனகா தம் சொந்தப் பணத்தில் ஏழைகளுக்கான மருத்துவ அறக்கட்டளை ஒன்றை நடத்தி, 2018இல் மறைந்தார். நம் பாடநூல்களில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள்.

நிற்க. எல்-டோபா நோயைக் குணப்படுத்துவதில்லை. வற்றிய கிணற்றில் லாரித் தண்ணீர் ஊற்றுவது போன்றது அது. ஊற்று அடைபட்டுக்கொண்டே போகிறது. உடம்பில் அறிகுறி தெரியும்போது டோபமினைச் சுரக்கும் செல்களில் பாதியோ அதற்கு மேலோ போய்விட்டிருக்கும் என்கிறார்கள். அழிவை நிறுத்தும் மருந்து வேண்டுமென்றால் அழிவு ஏன் என்று தெரியவேண்டும். அதில் கடந்த முப்பது ஆண்டுகளில் சில கதவுகள் திறந்திருக்கின்றன. இத்தாலியின் தென்பகுதியில் கொன்டுர்சி என்ற ஊரைச் சேர்ந்த ஒரு குடும்பக் கொடியில் தலைமுறை தலைமுறையாக இந்நோய் வந்ததைப் பின்தொடர்ந்து, 1997இல் ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதத்தின் மரபணுப் பிழையைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் புரதம் தவறாக மடிந்து திரள்வதை முதுகுத்தண்டு நீரிலேயே காட்டும் சோதனையின் பெரிய அளவிலான முடிவுகள் 2023இல் வந்தன. அதற்கான ஆய்வுக்கு நிதி தந்தது, நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் 2000இல் தொடங்கிய அறக்கட்டளை. அவருக்கு நோய் உறுதியானபோது வயது 29. ஏழு ஆண்டுகள் மறைத்துவைத்து, 1998இல் வெளியே சொன்னார். அந்த அறக்கட்டளை இதுவரை ஆராய்ச்சிக்குக் கொடுத்த தொகை 200 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. கோடீஸ்வரர்கள் கொடுத்தார்கள் என்பது சரி. ஆனால் 2006 முதல் அங்கே சாதாரணக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசைபோல ஒரு பலகாரம் சுட்டு விற்றும், ஓட்டப் பந்தயம் வைத்தும் திரட்டிய பணமும் அதில் இருக்கிறது. நம் ஊரில் அன்னதானத்துக்கு இலை போடும் கைகள் இதைச் செய்யமுடியாதா?

இதை எங்கள் கூட்டத்தில் வைத்தபோது, தொழிற்சங்கத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் எழுந்தார். நாங்கள் அவருடைய எதிர்ப்பை எதிர்பார்த்தேயிருந்தோம். "ஆத்தைச் சாயத்துல மூழ்கடிச்ச ஊருங்க இது. ஒரத்துப்பாளையம் அணையை மறந்துட்டீங்களா? முதல்ல இங்க கைமடிக்கற புள்ளைக்கு ஈ.எஸ்.ஐ. ஒழுங்காக் கிடைக்கட்டும். அப்பறம் மூளை ஆராய்ச்சிக்குப் போலாம்" என்றார். பாசனத்துக்கென்று கட்டிய அணை கழிவுநீர்த் தேக்கமானதும், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், கழிவைச் சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனைக்கு ஊர் மெல்ல மெல்ல வந்ததும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. சுப்ரபாரதிமணியன் 'சாயத்திரை'யை எழுதியது அதற்கெல்லாம் வெகுமுன்பு, 1998இல். பாவக் கணக்கைத் தானக் கணக்கில் கழிக்கும் பழக்கம் பணக்காரர்களுக்கு உண்டு என்ற நண்பரின் சந்தேகம் நியாயமானதே.

ஆனால் அவருடைய கேள்வியையே இன்னும் ஓரடி முன்னே கொண்டுபோனால், அது எதிர்ப்பாக நிற்பதில்லை. 1982இல் கலிபோர்னியாவில் கள்ளத்தனமாகச் செய்த போதைப்பொருளை ஊசிபோட்டுக்கொண்ட சில இளைஞர்கள் முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளைப்போல உறைந்துபோனார்கள். அந்தப் பொருளில் கலந்திருந்த ஒரு வேதிப்பொருளே காரணம் என்று லாங்ஸ்டன் என்ற மருத்துவர் கண்டறிந்தார். வெளியிலிருந்து வரும் நஞ்சும் இந்தச் செல்களைக் கொல்லும் என்பது அப்போது தெரிந்தது. உடம்புக்குள் அது எடுக்கும் வடிவத்தை வேதியியல் அமைப்பில் ஒத்திருப்பது பாராகுவாட் களைக்கொல்லி. சுவிட்சர்லாந்து 1989இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2007இலும் அதை விலக்கிவிட்டன. நம் காடுகளில் அது பல காலம் புழங்கியிருக்கிறது.

பனியன் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது டிரைகுளோரோஎத்திலீன். உலோகத்தின் பிசுக்கு நீக்கவும், உலர்சலவைக்கும், துணிக் கறை எடுக்கவும் உலகெங்கும் பயன்பட்ட கரைப்பான். அமெரிக்காவில் கேம்ப் லெஜியூன் படைமுகாமின் குடிநீரில் பல ஆண்டுகள் அது கலந்திருந்தது. அங்கே 1975க்கும் 1985க்கும் இடையே பணியாற்றியவர்களை வேறொரு முகாமில் பணியாற்றியவர்களோடு ஒப்பிட்டபோது, பார்க்கின்சன் வரும் வாய்ப்பு 70 சதவீதம் கூடுதலாக இருந்ததாக 2023இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. 2024 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு அந்தப் பொருளுக்குத் தடைவிதி கொண்டுவந்தது. அதன் சில பகுதிகள் பிறகு வழக்குகளால் தள்ளிப்போடப்பட்டன.

நம் செக்கிங் பிரிவுகளுக்குப் போய்ப் பாருங்கள். நிட்டிங் மெஷினின் எண்ணெய் பட்ட துணியை ஒதுக்கிவைப்பார்கள். ஒரு மூலையில் ஒருவர் கைத்துப்பாக்கி போன்ற கருவியால் அந்தக் கறைமேல் கரைப்பானைப் பீய்ச்சுவார். பீய்ச்சியதும் கறை மறையும். வாடை மட்டும் அறையில் நிற்கும். கேனில் இருப்பது என்ன என்று அவரைக் கேட்டால் 'கெமிக்கல்' என்பார். எல்லாக் கேனிலும் டிரைகுளோரோஎத்திலீன்தான் இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. பீய்ச்சுபவருக்குப் பார்க்கின்சன் வரும் என்றும் சொல்லவில்லை. எந்தக் கேனில் எது, யார் எத்தனை ஆண்டுகள் சுவாசித்தார்கள், இன்று அறுபதைத் தொட்டுவிட்ட அவர்களுடைய கைகள் எப்படி இருக்கின்றன என்று முறையாகக் கணக்கெடுக்க இதைவிடப் பொருத்தமான ஊர் எது என்றுதான் கேட்கிறோம். இதைச் சொன்னதும் தொழிற்சங்க நண்பர் உட்கார்ந்தார். ஏற்றுக்கொண்டார் என்று சொல்லமாட்டோம். ஆனால் கறை எடுக்கும் வேலையை விட்டுவிட்டுப் போன நாலைந்து பேரைத் தமக்குத் தெரியும் என்று மறுநாள் தொலைபேசியில் சொன்னார்.

எண்ணிப்பார்ப்பதும் ஆராய்ச்சிதான். அதில் கவர்ச்சி இல்லை என்பதால் யாரும் பணம் தருவதில்லை. மும்பையில் பார்சிக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய் 14,010 பேரைப் பரிசோதித்தார்கள். 46 பேருக்கு இந்நோய் இருந்தது, லட்சத்துக்கு 328. பரூச்சா குழுவினர் 1988இல் வெளியிட்ட அந்த எண்ணிக்கையை உலகெங்கும் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது சாத்தியமானதற்குக் காரணம் கருவிகள் அல்ல. ஒரு சமூகம் தன் கதவுகளைத் திறந்துவிட்டது. பனியன் தொழிலாளிகளின் லைன்வீடுகளில் அப்படியொரு கதவுதட்டல் நடக்கவேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலைசெய்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறவர்களை எப்படிப் பின்தொடர்வது என்பது கடினமான கேள்வி. அதற்கும் விடை தேடவேண்டும்.

செலவு எவ்வளவு ஆகும்? இந்திய அரசு 2023 முதல் அறிவித்த விகிதப்படி, முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அடுத்து 42,000 ரூபாய். ஐந்து ஆண்டுகளுக்கு வீட்டு வாடகைப்படி நீங்கலாக 24 லட்சம். நம் ஊரில் ஒரு பெரிய முகூர்த்தத்தின் பந்தல், சாப்பாட்டுச் செலவு இதைத் தாண்டும். 2024-25இல் 40,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்த ஊருக்கு இது ஒரு தொகையா? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரியைச் சுமத்தியபோது ஆர்டர்கள் தடுமாறியதை அறிவோம். நெருக்கடியில் முதலில் வெட்டப்படுவது தருமக் கணக்கு என்பதையும் அறிவோம். ஆனால் அதே மாதங்களில் கோயில் பணிகள் எதுவும் நின்றதாக எங்கள் கண்ணுக்குப் படவில்லை.

2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அரசு நிதியில் நடக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வகங்களுக்கும் கொடுப்பதும் அதில் அடங்கும் என்பது நம் தொழிலதிபர்களில் பலருடைய காதுக்கு எட்டவேயில்லை. அவர்களுடைய ஆடிட்டர்கள் பள்ளிக்கூடக் கழிப்பறையோடு நின்றுவிடுகிறார்கள். கழிப்பறையும் வேண்டும், ஐயமில்லை. தனியார் பணம் ஆராய்ச்சியில் என்ன செய்யும் என்பதற்குத் தொலைவில் போகவேண்டாம். சென்னை ஐஐடியில் கிரிஸ் கோபாலகிருஷ்ணன் கொடுத்த நன்கொடையில் 2022இல் உருவான மூளை ஆய்வு மையம், 2024இல் கருவிலிருக்கும் சிசுவின் மூளையை 5,132 மெல்லிய வெட்டுகளாகப் படம்பிடித்து உலகுக்கு இலவசமாக வைத்தது. பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளைத் திசு வங்கி இயங்குகிறது. அதற்குப் பணத்தைவிட மூளைதான் தேவை. நாம் இறந்த பிறகு அதைக் கொடுக்கலாம். கண்தானத்துக்குப் பழகிவிட்ட சமூகம் இதற்கும் பழகாதா என்ன?

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வசூலுக்கு ஆள் சேரும் இடத்தில் போலிகளும் சேருவார்கள். தண்டுசெல் ஊசி போட்டுப் பார்க்கின்சனைக் குணமாக்குவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் இடங்கள் நாட்டில் உண்டு. சோதனை ஆய்வுகளுக்கு வெளியே இந்நோய்க்கு அப்படிச் சிகிச்சை தரக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் சொல்கின்றன. ஜப்பானின் கியோட்டோவில் தண்டுசெல்லிலிருந்து வளர்த்த டோபமின் செல்களை ஏழு நோயாளிகளுக்குப் பொருத்திய முறையான ஆய்வு 2025 ஏப்ரலில் வெளிவந்தது. பாதுகாப்பானது என்பதோடு சில நல்ல குறிகளையும் காட்டியது. ஏழு பேரிடம் இருபத்துநான்கு மாதங்கள் பார்த்தபிறகு அவர்கள் எவ்வளவு அடக்கமாகப் பேசுகிறார்கள் என்று படித்துப் பாருங்கள். நம் பணம் அடக்கமாகப் பேசுகிறவர்களிடம் போகவேண்டும்.

உலகில் 1990இல் 25 லட்சமாக இருந்த இந்நோயாளிகளின் எண்ணிக்கை 2016இல் 61 லட்சமாகிவிட்டது. மக்கள் நெடுநாள் வாழ்கிறார்கள் என்பது ஒரு காரணம். அது மட்டுமே காரணமல்ல என்ற ஐயம் ஆய்வாளர்களிடையே வலுவாக இருக்கிறது. 1980களிலும் 90களிலும் கிராமங்களைவிட்டு இந்த ஊருக்கு வந்து பனியன் கம்பெனிகளை நிறைத்த தலைமுறை, நோய் தலைகாட்டும் வயதுக்கு இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறது.

நாங்கள் செய்திருப்பது மிகச் சிறிது. மாதக் கூட்டத்தில் ஓர் உண்டியல் வைத்தோம். ஆறு மாதங்களில் 41,300 ரூபாய் சேர்ந்திருக்கிறது. ஓர் ஆய்வாளரின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிவிட்டோம். முதல் நூறு ரூபாயைப் போட்டவர் எங்கள் மூத்தவர். பணத்தை எங்கே கொடுப்பது என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை: கணக்கெடுப்புக்குத்தான் என்கிறது ஒரு தரப்பு, பூனைக்காலிக்கு என்கிறது இன்னொன்று. அடுத்த கூட்டத்துக்கு நரம்பியல் மருத்துவர் ஒருவர் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். அவரிடம் கேட்கவேண்டியவை என்று மூத்தவர் ஓர் அஞ்சலட்டையில் பதினோரு கேள்விகள் எழுதி அனுப்பியிருக்கிறார். முதல் நான்கைந்து நன்றாகப் படிக்க முடிகிறது. மீதிக்கு ஓவர்லாக் மெஷினில் ஊசி கோக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.